பஞ்சு டிரைவருக்கு ஒரு ஸ்டீயரிங்

என் அக்கா வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள். வாழ்க்கையில் பாதியை உட்கார்ந்தபடியே சம்பாதித்த மனிதர் அவர்; நகரப் பேருந்து ஓட்டுநர். ஆனால் முன்னால் ஸ்டீயரிங் இல்லாத நாற்காலி எதுவும் அவருக்கு நாற்காலியே இல்லை. உட்காருவார், எழுவார், ஜன்னலைத் திறப்பார், தெருவில் போகிற வண்டியைப் பார்த்து, "கிளட்ச்ச விடறான் பாரு, உதைக்கற மாதிரி" என்பார், ஜன்னலை மூடுவார், மறுபடி உட்காருவார். யாராவது ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும். என் பழைய காரில் அந்த இடத்து மிதியடி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. அதெல்லாம் அத்தானின் குதிகால் செய்த வேலை.

டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் பஞ்சு. அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கே தெரியாதாம். கூடையில் முட்டை கொண்டு போகிறவர்கள் முன்னால் வரும் வண்டியை விட்டுவிட்டு அவர் வண்டிக்காகக் காத்திருப்பார்களாம். இதை அவரே சொன்னார் என்பதால் பாதியைக் கழித்துவிடலாம். மீதிப் பாதி உண்மை. அக்கா மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எந்தத் தாலாட்டுக்கும் மசியாது. அப்பா வண்டியில் ஏற்றி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நடை போய்வந்தால்தான் தூங்கும். அவள் கல்லூரிக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டாள். இன்னமும் எங்களுக்குப் பாப்பாதான்.

அப்படிப்பட்ட மனிதர், போன வருஷம் ஒரு பிற்பகலில், வளைவே இல்லாத நேர்ச் சாலையில், பேருந்தை நடைபாதையில் ஏற்றி ஒரு விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் முட்டினார். நல்ல வேளை, வேகமில்லை. யாருக்கும் அடியில்லை. கண்டக்டர்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து கை பிரேக்கை இழுத்தார். மறுநாள் வீட்டுக்கு வந்து அக்காவிடம் தனியாகச் சொன்னார்.

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சும்மா. ஆனா ஆளு அங்க இல்ல. சட்டைப் பட்டனைத் திருகிக்கிட்டு, எதையோ மெல்லற மாதிரி வாய அசைச்சுக்கிட்டு இருந்தாரு. கூப்பிட்டேன், திரும்பல. கொஞ்சம் கழிச்சு என்னைப் பாத்து, 'வண்டி ஏன் நிக்குது'ன்னு கேக்கறாரு."

டாக்டர் அம்மா தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, இதுவும் வலிப்பில் ஒரு வகைதான் என்றார். கீழே விழ வேண்டாம், கை கால் இழுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் நினைவு மட்டும் விட்டுப் போகும். வந்து போனது அவருக்கே தெரியாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். பேருந்து இனிமேல் கிடையாது. சொந்த வண்டியும், நெடுநாள் ஒன்றும் வராமல் இருந்தால்தான், அப்போது பார்க்கலாம். டிப்போவில் நல்ல மனதோடு கணக்குப் பிரிவில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலிக்கும் அவருக்கும் உள்ள உறவைத்தான் சொன்னேனே. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் செருப்பு வழுக்கியது என்றார். அப்புறம் எதிர் வெயில் என்றார். கடைசியில் கண்டக்டர் தூங்கிக் கனவு கண்டிருக்கிறான் என்றார். ஒவ்வொரு தடவையும் முடிவில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணு நடந்தா எனக்குத் தெரியாதா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரியாது என்பதுதான் நோயே. அதை அவரிடம் சொன்னால், "நல்லா இருக்குடா உங்க நியாயம்" என்று எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார்.

இதற்கு நடுவில் பாப்பாவுக்கு மலைமேல் இருக்கும் ஊரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். செய்தி வந்த அன்றே அத்தான் அறிவித்துவிட்டார்: "எம் பொண்ண நான்தான் கொண்டுபோய் விடுவேன். மச்சான் காரு இருக்கு."

மச்சான் என்பது நான். கார் என்னுடையது. போகிற வழி கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

"நீ மட்டும் சாவியக் குடுத்தே, எனக்கு நீ தம்பியே இல்ல" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் சாவியை என் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்தேன். அத்தான் தினமும் வந்து நிற்பார்.

"வண்டிய ஓட்டாம வெச்சா பேட்டரி போயிடும் மச்சான். ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்."

"வண்டி சர்வீஸ்ல இருக்கு அத்தான்."

"வாசல்லதானே நிக்குது?"

"வாசல்லதான் சர்வீஸ்."

அவர் வாசலில் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்துவிட்டுப் போவார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். கோபம் பாதி, பயம் பாதி. பயம் அவருக்காகக்கூட இல்லை, பாப்பாவுக்காக. அப்பா கூப்பிட்டால் அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆனால் யோசனை சொன்னது அவள்தான். என் கடைக்கு வந்தாள். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மிக்சி, மின்விசிறி, தண்ணீர் பம்பு எல்லாம் எரிந்துபோய் என்னிடம் வரும்.

"மாமா, அப்பா கைக்கு ஏதாவது வேலை குடுக்கணும். ஸ்டீயரிங் வாங்கிக் குடுத்துடலாம்."

"ஏற்கெனவே ஆடற காலுக்குச் சலங்கை வேறயா?"

"கார் ஸ்டீயரிங் இல்ல மாமா. கேம் ஸ்டீயரிங். மேசையில மாட்டி, கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஓட்டறது. உள்ள மோட்டார் இருக்கும். ஸ்கிரீன்ல குழி வந்தா கையில உதைக்கும். வளைவுல திருப்பினா எதிர்த்து இழுக்கும். டயர் வழுக்கினா கையில லேசாயிடும். ஃபோர்ஸ் ஃபீட்பேக்னு பேரு."

மோட்டார் என்றதும் என் காது நிமிர்ந்தது. திரையைப் பார்த்தால் வலிப்பு வருமோ என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வெளிச்சத்தை மின்னவிட்டுச் சோதித்ததில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அறையில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும், இடைவெளி விட்டு விளையாடட்டும் என்றாராம். என் மருமகள் பஞ்சுக்குப் பிறந்தாலும் கெட்டிக்காரி.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கடை. புதுசும் பழசுமாக விளையாட்டுச் சாமான்கள் அடுக்கியிருந்தன. கடைக்காரருக்கு இரண்டு மணிக்கட்டிலும் சுளுக்குக்குப் போடுகிற பட்டை. அது எப்படி வந்தது என்பது சீக்கிரமே தெரிந்தது. அத்தான் முதலில் வர மறுத்தார். "சின்னப் பசங்க சாமான்" என்றார். படியேறும் வரை அதையே சொன்னார். மேசைகளில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்டீயரிங்குகளைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. சட்டைக் கையை மடக்கிக்கொண்டார்.

இருப்பதிலேயே மலிவானதில் தொடங்கினார். அதில் மோட்டார் கிடையாது. உள்ளே ரப்பர் கயிறு, திருப்பிவிட்டால் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அத்தான் பேருந்துப் பழக்கத்தில் கைமேல் கை போட்டுச் சுற்றினார். அரைச் சுற்றுக்குள்ளேயே டக்கென்று முட்டி நின்றது.

"இது ஸ்டீயரிங் இல்ல, கதவுக்குப் போடற ஸ்பிரிங்" என்றார். "நான் திரும்பி முடிக்கறதுக்குள்ள ரோடே முடிஞ்சுடும்."

"அது இருநூத்தெழுபது டிகிரி சார். உங்களுக்குத் தொள்ளாயிரம் டிகிரி வேணும். இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்கு ரெண்டரை சுத்து" என்றார் கடைக்காரர்.

அடுத்து அவர் காட்டாமல் வைத்திருந்ததை அத்தானே கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்துவிட்டார். மோட்டாரின் தண்டிலேயே நேரடியாக ஸ்டீயரிங்கை மாட்டியது அது. நடுவில் பல்லும் இல்லை, பட்டையும் இல்லை. "கட்டை விரல உள்ள விடாதீங்க சார், மடக்கிடும்" என்று கடைக்காரர் தன் மணிக்கட்டைக் காட்டினார். அது உதைத்த உதையில் அத்தான் முகத்தில் வந்த சிரிப்பை அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு பார்த்தேன். விலையைக் கேட்டேன். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. மெல்ல அவர் தோளைப் பிடித்து எழுப்பினேன்.

நம்மால் முடிந்த விலையில் இரண்டு இருந்தன. ஒன்றில் மோட்டாரிலிருந்து ஸ்டீயரிங்குக்கு ரப்பர் பெல்ட் போகிறது. இன்னொன்றில் பல் சக்கரம். ஏற்கெனவே யாரோ ஓட்டித் தேய்த்தது. நான் இரண்டின் மேலும் காதை வைத்துக் கேட்டேன். பெல்ட் போட்டது முணுமுணுக்கக்கூட இல்லை. பல் சக்கரம் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி கடகடத்தது. போதாததற்கு நடுவில் ஆட்டம் வேறு. இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பினால் மோட்டாருக்கு எட்டவே இல்லை.

"பெல்ட்டு" என்றேன். "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

அத்தான் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். இதைக் கொஞ்சம் திருப்பினார், அதைக் கொஞ்சம் திருப்பினார்.

"பெல்ட்டு வழவழங்குது. யாரோ பணக்காரன் வண்டிக்குப் போன மாதிரி இருக்கு. இது பாரு. நடுவுல லூசு. குழியில விழுந்தா கடகடன்னு எலும்பு வரைக்கும் வருது." கண்ணைத் திறந்தார். "இது என் வண்டிடா."

"அத்தான், அதுக்குப் பேரு பழுது!"

"என் வண்டியிலயும் பழுதுதான். எழுதிப் போட்டு எழுதிப் போட்டு ஒருத்தனும் சரி பண்ணல."

கடையிலேயே சண்டை பிடித்தோம். தொழில் தெரிந்தவன் நான் சொல்கிறேன், பல் இன்னும் தேயும், சத்தம் இன்னும் கூடும் என்று கத்தினேன். கூடட்டும் என்றார். ஊரே குறை என்று தள்ளுவதை ஒரு மனிதர் குணம் என்று மடியில் வைத்துக்கொண்டால் என்ன செய்ய? கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்யுமா என்று பாப்பாவிடம் விசாரித்து, மூன்று பெடலும் மிதித்துவிட்டால் சரியாக மேலே வருகிறதா என்று எங்கள் கண் முன்னால் சோதித்துக் கட்டிக் கொடுத்தார். தேய்ந்ததையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாட்டினோம். முதல் வளைவிலேயே மேசை நடந்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் தரையில் வழுக்கிக்கொண்டு போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. நான் ஒரு பலகையில் பெடலைத் திருகி, பலகையைச் சுவரோடு முட்டுக் கொடுத்து, மேசைக் காலில் ஆப்பு வைத்தேன். அத்தான் ஷூ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாற்காலியை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார். காற்றில் இல்லாத கண்ணாடியைச் சரி செய்தார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பந்தயம் தொடங்கியது. மற்ற கார்களெல்லாம் சிட்டாய்ப் பறந்தன. அத்தான் வலப் பக்கம் பார்த்து, இடப் பக்கம் பார்த்து, பஞ்சு மாதிரி எடுத்தார். வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கைத் தொட்டார். ஒரு சுற்று முடித்துப் பின்னாலிருந்து வந்த ஒரு காருக்குக் கையை வெளியே நீட்டி, போ போ என்று வழிவிட்டார். சாலை ஓரத்தில் வேலிக்குப் பக்கத்தில் ஒரு கும்பல் நின்று கையை ஆட்டியது. அவர் வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, அழகாக நிறுத்தினார்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?"

"நிக்கறாங்கல்ல."

"அய்யோ, அவங்க ரேஸ் பாக்க வந்தவங்கப்பா!"

"ஏறலைன்னா எதுக்குக் கையக் காட்டறாங்க?" என்றார், நிஜமான எரிச்சலோடு.

கடைசியில் வந்தார். எப்போதும் கடைசியிலேயே வந்தார். ஆனால் கீறல் விழாமல் வந்தார். கொஞ்ச நாள் வீடு அடங்கியது. ஜன்னல் திறந்த இடத்தில் திறந்தபடி இருந்தது. கடகட சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா அடுப்படியில் மூச்சை நிதானமாக விட்டாள். நானும் சர்க்கரை டப்பாவை மறந்திருந்தேன்.

அதற்குள் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அத்தான் ஒருநாள் என் கடை வாசலில் வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"நேத்து காலையில பூரா ஓட்டினேன். ஒரு முட்டல் உண்டா, கீறல் உண்டா? வலிப்புக்காரன் இப்படி ஓட்டுவானா? நீயே சொல்லு."

நான் கையிலிருந்த காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அதுல ஒரு மலை ரோடு இருக்கு. ரொம்ப நீளம், நம்ம போற ரோடு மாதிரியே. பாப்பா கிளம்பறதுக்கு முந்தின நாள் எல்லாரும் வந்து உக்காந்து பாருங்க. முட்டாம மேல ஏறிட்டா சாவிய எடுத்து வை. முட்டிட்டா நான் வாயே தொறக்க மாட்டேன்."

ஆறுதலுக்கு வாங்கிக் கொடுத்த சாமானை இந்த மனிதர் பரீட்சையாக்கிவிட்டார். அதுவும் அவரே கேள்வி எழுதி, அவரே திருத்துகிற பரீட்சை. அவர் முட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். பஞ்சு முட்டுமா? என்னை நானே திட்டிக்கொண்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏறிட்டாருன்னா?" என்றாள்.

"குடுக்க மாட்டேன்."

"அப்ப எதுக்குடா ஒத்துக்கிட்டே?"

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? பேசாம நின்னேன்."

அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனாள். ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். பாதி கரைந்திருந்தன. "தினம் என் கண்ணு முன்னாடிதான் வாயில போடறாரு" என்றாள். அந்தச் செடி மட்டும் வீட்டில் யாரையும்விடத் திடமாக இருந்தது. சிரிப்பு வரவில்லை. அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நாள் வந்தது. மத்தியான நேரம், திரைச்சீலையெல்லாம் ஒதுக்கி அறை வெளிச்சமாக இருந்தது. பாப்பா, கட்டி வைத்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா நாற்காலி நுனியில். ஆப்பு நழுவினால் அடிப்பதற்காக நான் ஸ்குரூ டிரைவரோடு மேசை அருகில் நின்றேன். அத்தான் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்.

என்ன சொல்ல, அற்புதமாக ஓட்டினார். முதல் வளைவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து வளைவு போனதும் என் உடம்பும் அவரோடு சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபின் பிடியைத் தளர்த்தி, வெளியே வரும்போது ஸ்டீயரிங்கை விரலிடுக்கில் தானாகத் திரும்பவிடுவார். அந்தத் தேய்ந்த பல் சக்கரம் கடகடவென்று அவரோடு பேசிக்கொண்டே வந்தது. மற்ற கார்கள் எப்போதோ போய்விட்டன. யாருக்கு வேண்டும் மற்ற கார்கள்? இவர் சொல்வதே சரியாக இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

வளைவுகள் முடிந்து, உச்சிக்குப் போகும் நேர்ச் சாலை வந்தது.

சத்தம் மாறியது. கை பிடித்திருக்கும் மோட்டாரும் கை விட்ட மோட்டாரும் ஒரே மாதிரி பேசாது. என் வயிற்றுப் பிழைப்பே அந்த வித்தியாசம்தான். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன். வலது கை சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. இடது கை ஸ்டீயரிங் மேல் சும்மா கிடந்தது. கண் திரையில்தான் இருந்தது. வாய் எதையோ மென்றது. ஸ்டீயரிங் மட்டும் தனியாக இடமும் வலமுமாக உதறிக்கொண்டு, தன்னைப் பிடிக்க ஆள் தேடியது.

கார் மெல்ல ஓரத்துக்குப் போனது. வேலி. வேலிக்குப் பின்னால் கையை ஆட்டுகிற கும்பல். மோதி, உராய்ந்து, நின்றது.

"அப்பா" என்றாள் பாப்பா. "அப்பா."

அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். பிடித்து உலுக்கக் கூடாது, கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தொடக்கூட இல்லை, சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில் அத்தானின் வாய் அசைவது நின்றது. கை பட்டனை விட்டது. எங்களைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"வண்டி ஏன் நிக்குது?" என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு ஒயரப் புடுங்கினது?" அவர் குரல் ஏறியது. "நீதானே? ஸ்குரூ டிரைவரோட நிக்கறப்பவே நினைச்சேன். ஜெயிக்கப் போறேன்னு தெரிஞ்சதும் புடுங்கிட்டே!"

இத்தனை மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டிவிட வாயைத் திறந்தேன். பாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணலப்பா. இதுல திருப்பிப் போட்டுப் பாக்கலாம். பாருங்க."

விளையாட்டில் அப்படி ஒரு வசதி இருப்பது எனக்குத் தெரியாது. ஓட்டி முடித்ததை வெளியிலிருந்து முழுதாகத் திரும்பப் பார்க்கலாமாம். அவள் கடைசிச் சில வளைவுகளைப் போட்டாள். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கார் வளைவுகளில் பட்டாய் வழுக்கிப் போனது. "எப்படி எடுக்கறேன் பாத்தியா" என்றார் என்னிடம், இன்னும் கோபம் தணியாமல்.

நேர்ச் சாலை வந்தது. கார் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்தது.

"பிரேக்கப் போடு" என்றார் அத்தான்.

கார் வேகம் குறையவில்லை. அவர் வலது கால் தரையை அழுத்தியது.

"போடு. பிரேக்கப் போடுடா. ஆளு நிக்கறாங்கல்ல. டேய்!"

வேலியில் மோதியது. அவர் கால் அழுத்தினபடியே இருந்தது.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

இரண்டாவது தடவை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு அக்காவைத் தேடினார்.

"அன்னைக்கும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"அன்னைக்கு அது ஸ்கூல் விடற நேரம்" என்றார்.

என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. அத்தான் எழுந்து, கால்சட்டைப் பையில் கைவிட்டு, டிப்போ காலத்துச் சாவிக்கொத்தை எடுத்தார். அதிலிருந்து புதுசாகப் பளபளக்கும் ஒரு சாவியைக் கழற்றிப் பாப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"என்ன சாவிப்பா?"

"மாமா காரு சாவி."

"ஏது அத்தான் இது?"

"அச்செடுத்து வெச்சிருந்தேன். நீ சர்க்கரை டப்பால ஒளிச்சு வைக்கறதுக்கு முன்னாடியே." என்னைப் பார்க்காமல் சொன்னார். "இன்னைக்கு முட்டினாலும் சரி, முட்டாட்டியும் சரி, விடியறதுக்கு முன்னாடி பாப்பாவ ஏத்திக்கிட்டுக் கிளம்பிடலாம்னுதான் இருந்தேன்."

பாப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முன்னமே அவளிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவளும் சரி என்றிருக்கிறாள். நான் ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தேன்.

அக்கா உள்ளே போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். விழுங்கிவிட்டு, சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டினார். "செடிக்கு இல்லையாடி?" என்றார். அக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடிக்குக் கை எழவில்லை, அங்கேயே சாய்ந்து அழுதாள்.

மறுநாள் நான்தான் ஓட்டினேன். முன் இருக்கையில் அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு அத்தான் தானாகவே பின்னால் போய் நடுவில் ஏறிக்கொண்டார். பக்கத்தில் பாப்பா. மலை தொடங்கியது. நான் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வளைவுக்குள் போனபிறகுதான் எனக்கு பிரேக் ஞாபகம் வரும். இரண்டு வளைவு எல்லாரையும் கதவோடு ஒட்டவைத்தேன். ஒரு திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

உள்கண்ணாடியில் பார்த்தேன். அவர் கைகள் மடிமேல், காற்றில், ஒரு பெரிய வட்டத்தைப் பிடித்திருந்தன. வளைவு வருவதற்கு முன்பே, முன் இருக்கைகளுக்கு நடுவில் நீட்டியிருந்த வலது கால் மெல்ல அழுந்தியது. பிறகு கைகள் திரும்பின. அடுத்த வளைவுக்கும் அப்படியே. நான் அவர் கால் அழுந்தும்போது பிரேக்கைத் தொட்டேன், அவர் கை திரும்பும்போது திருப்பினேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று வளைவு. பாப்பாவின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டாள். தலை ஆடவில்லை.

"என்னை என்னடா பாக்கறே?" என்றார் அத்தான், கைகளை இறக்காமல். "ரோட்டப் பாரு."